இறப்பருக்கு அரிசி: 1952 இல் ஒரு சிறிய நாடு செய்த பேரம்

பெரிய நாடும் சிறிய நாடும் வியாபாரம் செய்தால் இலாபம் பெரிய நாட்டுக்கே என்பது பொதுவான எண்ணம். பெரும்பாலான வேளைகளில் அது உண்மையும்கூட. விலையை அதுவே சொல்கிறது, கடனை அதுவே கொடுக்கிறது, கப்பலும் அதனுடையதாகவே இருக்கிறது. ஆனால் வரலாற்றில் சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று இலங்கையும் சீனாவும் 1952 ஆம் ஆண்டு செய்துகொண்ட இறப்பர் - அரிசி ஒப்பந்தம். அன்று இலங்கை சுதந்திரம் பெற்று ஐந்து ஆண்டுகள்கூட ஆகாத நாடு. செஞ்சீனா பிறந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்தப் பேரத்தில் இலங்கைக்கு நல்ல விலை கிடைத்தது. அது எப்படிக் கிடைத்தது, ஏன் நீடிக்கவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால், சிறிய நாடுகளின் வர்த்தகம் பற்றிப் பலவற்றைப் புரிந்துகொள்ளலாம்.

மூன்று பயிர்களில் தொங்கிய நாடு

1948 பெப்ரவரி 4 ஆம் திகதி இலங்கை சுதந்திரம் அடைந்தபோது அதன் ஏற்றுமதி வருமானத்தின் மிகப் பெரும் பகுதி தேயிலை, இறப்பர், தெங்கு என்ற மூன்றிலிருந்தே வந்தது. இந்த மூன்றையும் விற்றுத்தான் அரிசி, மா, சீனி, துணி எல்லாவற்றையும் வாங்க வேண்டும். மக்கள் உண்ட அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய கூப்பன் முறை போர் முடிந்த பின்னும் தொடர்ந்தது. அரசாங்கம் வெளிநாட்டில் அதிக விலைக்கு அரிசி வாங்கி, உள்நாட்டில் குறைந்த விலைக்குக் கூப்பனுக்குக் கொடுத்தது. இடையில் உள்ள நட்டத்தைத் திறைசேரி தாங்கியது.

இறப்பர் இலங்கைக்கு வந்ததே ஒரு சுவையான கதை. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹம் என்பவர் 1876 இல் இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வாகனம் பெருகப் பெருக, களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி, காலிப் பகுதிகளில் இறப்பர் பரவியது. தேயிலை பெரும்பாலும் கம்பனித் தோட்டங்களின் பயிர். இறப்பரோ அப்படி அல்ல. ஓரிரு ஏக்கர் வைத்திருந்த கிராமத்துச் சிறு உடைமையாளர்களும் அதில் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். எனவே இறப்பர் விலை விழுந்தால் அடி தோட்டக் கம்பனிக்கு மட்டும் விழாது, கிராமத்துக்கும் விழும். கிராமத்துக்கு விழும் அடி தேர்தலில் தெரியும்.

1942 இல் மலாயா ஜப்பானியர் கையில் வீழ்ந்தபோது நேச நாடுகளுக்கு எஞ்சிய முக்கிய இயற்கை இறப்பர் மூலங்களில் ஒன்றாக இலங்கை ஆனது. மரத்தின் ஆயுளைப் பற்றிக் கவலைப்படாமல், கிடைக்கும் பாலை எல்லாம் எடுத்துவிடும் முறையில் மரங்கள் வெட்டப்பட்டன. போர் முடிந்தபோது இலங்கையிடம் எஞ்சியவை களைத்துப்போன மரங்கள். அவற்றைப் பிடுங்கி மறுநடவு செய்யப் பணம் வேண்டும். புதிய கன்று பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். போர்க் காலத்தில் கொடுத்த உழைப்புக்கு ஏற்ற விலை தமக்குக் கிடைக்கவில்லை என்ற மனக்குறை இலங்கை அரசியல்வாதிகளிடம் ஆழமாக இருந்தது.

கொரியப் போரின் ஏற்றமும் இறக்கமும்

1950 ஜூனில் கொரியப் போர் தொடங்கியது. போர் என்றால் லொறி, லொறி என்றால் டயர், டயர் என்றால் இறப்பர். விலை மேலே பறந்தது. இலங்கையின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பும் கூடியது. ஆனால் இந்த வாழ்வு நீடிக்கவில்லை. அமெரிக்கா இயற்கை இறப்பர் இறக்குமதியை அரசாங்கத்தின் கையில் எடுத்துக்கொண்டது. பலர் போட்டி போட்டு வாங்கிய இடத்தில் ஒரே ஒரு வாங்குபவர் நின்றார். கூடவே, மூடிக் கிடந்த செயற்கை இறப்பர்த் தொழிற்சாலைகள் மறுபடி திறக்கப்பட்டன. 1951 தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த விலை பின்னர் சரியத் தொடங்கி, 1952 இல் பாதாளத்தை நோக்கிப் போனது.

அதே காலத்தில் அரிசி விலை எதிர்த்திசையில் போனது. பர்மாவில் உள்நாட்டுக் கலகங்களால் ஏற்றுமதி போருக்கு முந்திய அளவை எட்டவில்லை. ஆசியா முழுவதும் அரிசிக்குத் தட்டுப்பாடு. ஆக, இலங்கை விற்கும் பொருள் மலிந்தது. வாங்கும் பொருள் ஏறியது. பொருளியல் பாடத்தில் இதை வர்த்தக மாற்று விகிதம் பாதகமாகிறது என்பார்கள். சாதாரண மொழியில், நேற்று ஒரு மூடை அரிசி வாங்கப் போதுமான இறப்பர் இன்று அரை மூடைக்குத்தான் காணும். 1952 இல் கையிருப்பு வேகமாகக் கரைந்தது.

அரசியல் நிலையும் நெருக்கடியாக இருந்தது. முதலாவது பிரதமர் டி. எஸ். சேனநாயக்க 1952 மார்ச்சில் காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவரது மகன் டட்லி சேனநாயக்க பிரதமரானார். மே மாதத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. ஒரு கொத்துக் கூப்பன் அரிசியை 25 சதத்துக்குத் தருவோம் என்பது அந்தத் தேர்தலில் கட்சி கொடுத்த வாக்குறுதிகளில் முக்கியமானது. வாக்குறுதி கொடுத்தாகிவிட்டது. இனி அரிசிக்கு எங்கே போவது?

முதலில் தட்டிய கதவு

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கையை ஆண்டது இடதுசாரிக் கட்சி அல்ல. ஐக்கிய தேசியக் கட்சி கம்யூனிசத்தை வெளிப்படையாக எதிர்த்த கட்சி. திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் பிரித்தானியப் படைத்தளங்கள் இருந்தன. 1950 இல் தொடங்கிய மத்திய வங்கியின் முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்டர் ஓர் அமெரிக்கர். ஆகவே இந்த அரசாங்கம் முதலில் தட்டிய கதவு பீக்கிங் அல்ல, வாஷிங்டன்தான்.

1952 நடுப்பகுதியில் உணவு அமைச்சராக இருந்த சேர் ஒலிவர் குணதிலக்க அமெரிக்கா சென்று பேசினார். இலங்கை கேட்டவை இரண்டு: கட்டுபடியாகும் விலையில் அரிசி, நியாயமான விலையில் இறப்பருக்கு நீண்டகாலச் சந்தை. அமெரிக்காவின் பதில், இரண்டுக்கும் சந்தை விலைதான் என்பதாக இருந்தது. அமெரிக்காவைக் கேட்டால் அதில் தவறு இல்லை என்பார்கள். மலாயாவும் இந்தோனேசியாவும் இலங்கையைவிடப் பல மடங்கு இறப்பர் உற்பத்தி செய்தன. சிங்கப்பூரில் ஒரு விலைக்குக் கிடைக்கும் பொருளைக் கொழும்பில் கூடிய விலைக்கு வாங்க அமெரிக்காவுக்கு என்ன தேவை? இலங்கை அமெரிக்காவுக்கு நண்பன்தான். ஆனால் இன்றியமையாத நண்பன் அல்ல.

சீனாவுக்கு என்ன தேவை?

சீனாவின் நிலை வேறு. கொரியப் போரில் சீனப் படைகள் நுழைந்த பின், 1951 மே 18 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சீனாவுக்குப் போர்த் தளபாடங்களையும் போருக்கு உதவும் பொருட்களையும் விற்கக்கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது. பிரித்தானிய ஆட்சியில் இருந்த மலாயா சீனாவுக்கு இறப்பர் அனுப்புவதை நிறுத்தியது. ஹைனான் தீவிலும் யுன்னானிலும் இறப்பர் நடச் சீனா முடிவெடுத்தது. ஆனால் அந்த மரங்கள் பால் தரும்வரை படை லொறிகள் காத்திருக்க முடியுமா?

இந்த இடத்தில் இலங்கைக்கு எதிர்பாராத ஒரு வசதி இருந்தது. சோவியத் ஒன்றியத்தின் வீட்டோவினால் இலங்கைக்கு ஐ.நா. உறுப்புரிமை கிடைக்கவில்லை. 1955 டிசம்பரில்தான் அது கிடைத்தது. உறுப்பினர் அல்லாத நாட்டை ஐ.நா. தீர்மானம் கட்டுப்படுத்தாது. உலக மன்றத்தில் கதவு சாத்தப்பட்டதே இலங்கைக்கு வியாபாரத்தில் கதவைத் திறந்துவிட்டது எனலாம். மேலும் 1950 ஜனவரியிலேயே இலங்கை மக்கள் சீனக் குடியரசை அங்கீகரித்திருந்தது. 1951 இன் பிற்பகுதியிலிருந்தே இலங்கை இறப்பர் சிறு அளவில் சீனாவுக்குப் போகத் தொடங்கிவிட்டது.

பீக்கிங்கில் பேச்சுவார்த்தை

வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க, டட்லியின் பெரிய தகப்பனார் மகன். 1952 செப்டெம்பரில் இவர் தலைமையில் ஒரு குழு பீக்கிங் சென்றது. அக்டோபர் 4 ஆம் திகதி முதற்கட்டமாக 80,000 தொன் அரிசி வாங்கும் உடன்பாடு கைச்சாத்தானது. பின்னர் டிசம்பர் 18 ஆம் திகதி ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன் சாரம் இதுதான்: ஒவ்வோர் ஆண்டும் சீனா 270,000 தொன் அரிசி தரும், இலங்கை 50,000 தொன் இறப்பர் தரும்.

அளவுக் கணக்கில் பார்த்தால் ஒரு தொன் இறப்பருக்கு 5.4 தொன் அரிசி. அன்றைய சனத்தொகை ஏறத்தாழ 81 இலட்சம். ஆகவே இந்த அரிசி, குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு ஆண்டுக்கு 33 கிலோ. இலங்கை உற்பத்தி செய்த இறப்பரில் ஏறத்தாழப் பாதி ஒரே நாட்டுக்குப் போனது. இறக்குமதி செய்த அரிசியில் பாதிக்கு மேல் ஒரே நாட்டிலிருந்து வந்தது.

பெயரைக் கேட்டால் பண்டமாற்று போலத் தோன்றும். உண்மையில் இரண்டு பொருளுக்கும் விலை குறிக்கப்பட்டது. அந்த விலையில்தான் ஒப்பந்தத்தின் உயிர் இருந்தது. இறப்பருக்குச் சிங்கப்பூர் விலையைவிடக் கணிசமாகக் கூடிய விலையைச் சீனா கொடுத்தது. அரிசியை அன்றைய உலகச் சந்தை விலையைவிடக் குறைத்துக் கொடுத்தது. விற்பதிலும் இலாபம், வாங்குவதிலும் இலாபம். இப்படி ஒரு பேரம் சிறிய நாட்டுக்கு அடிக்கடி அமைவதில்லை.

இதைச் சீனாவின் பெருந்தன்மை என்று மட்டும் சொல்வது சரியாகாது. தடையை உடைத்த முதல் கம்யூனிஸ்ட் அல்லாத நாடுகளில் ஒன்று தன்னோடு கைகுலுக்கியது என்பது சீனாவுக்குப் பெரும் அரசியல் இலாபம். இறப்பர் வேறெங்கும் இலகுவாகக் கிடைக்காது என்பது பொருளாதார இலாபம். மேலதிக விலை இந்த இரண்டுக்கும் கொடுத்த கூலி. இலங்கையும் கொள்கைக்காகப் போகவில்லை. வயிற்றுக்காகப் போனது. இரு தரப்பும் தம் தேவையை அறிந்து பேசியதால்தான் பேச்சு விரைவாக முடிந்தது.

கொடுத்த விலை

இந்த இலாபம் இலவசமாக வரவில்லை. 1951 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய ஒரு சட்டம், அலபாமாவைச் சேர்ந்த உறுப்பினர் லோரி பட்டில் பெயரால் பட்டில் சட்டம் எனப்பட்டது. கம்யூனிஸ்ட் நாடுகளுக்குப் போர் முக்கியத்துவம் வாய்ந்த பொருட்களை விற்கும் நாட்டுக்கு அமெரிக்க உதவி கிடையாது என்பது அதன் சாரம். இறப்பர் அந்தப் பட்டியலில் அடங்கியது. அதனால் அமெரிக்க உதவி இலங்கைக்குக் கிடைக்கவில்லை. 1956 இல்தான் நிலை மாறியது. இறப்பர் மரத்தின் இலைகளைத் தாக்கும் பூஞ்சண நோய்க்குத் தூவும் கந்தகத்தைக்கூட அமெரிக்கா இலங்கைக்கு விற்க மறுத்தது. கந்தகம் ஒரு சிறு பொருள். ஆனால் ஒரு சிறிய நாட்டின் கையை முறுக்கச் சிறு பொருளே போதும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

உள்நாட்டிலும் எல்லோரும் கைதட்டவில்லை. மேற்கு நாடுகளோடு நெருக்கமாக இருந்த ஐக்கிய தேசியக் கட்சிப் பிரமுகர்கள் தயங்கினார்கள். இடதுசாரிகள் வரவேற்றார்கள். இறுதியில் கணக்கே வென்றது. கிடைக்காத உதவியை ஒரு தட்டிலும், கைக்கு வரும் அரிசியையும் இறப்பர் விலையையும் மறு தட்டிலும் வைத்துப் பார்த்தால் இரண்டாவது தட்டே தாழ்ந்தது.

பேசப்படாத ஒரு தரப்பும் உண்டு. இறப்பர்த் தோட்டங்களில் கிராமத்துச் சிங்களத் தொழிலாளரோடு இந்திய வம்சாவளித் தமிழ்த் தொழிலாளரும் பால் வெட்டினார்கள். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1947 நாடாளுமன்றத்தில் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு ஏழு உறுப்பினர்கள் இருந்தனர். 1952 தேர்தலில் அவர்களுக்கு ஓர் ஆசனமும் இல்லை. நாட்டுக்குச் சோறு கொண்டுவந்த இறப்பரில் அவர்களின் உழைப்பு இருந்தது. பேரம் பேசிய அரசாங்கத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவர்களின் வாக்கு இல்லை.

அரிசி வந்தது, அமைதி வரவில்லை

நல்ல ஒப்பந்தம் கிடைத்தால் நாட்டின் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்தால் 1953 அதை மறுக்கிறது. அரிசி கிடைப்பது ஒரு பிரச்சினை. அதை 25 சதத்துக்கு விற்பது வேறு பிரச்சினை. முதலாவதைச் சீன ஒப்பந்தம் தீர்த்தது. இரண்டாவது திறைசேரியின் கழுத்தில் தொடர்ந்து தொங்கியது.

1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் வரவுசெலவுத் திட்டத்தோடு மானியம் நீக்கப்பட்டது. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஒரே பாய்ச்சலில் ஏறத்தாழ மூன்று மடங்கு! ஆகஸ்ட் 12 ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் நடந்தது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, கடைகள் மூடப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில் கூடியது. அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி விலக, சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானார். வாக்குறுதி கொடுத்தவருக்கு, சீனாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி வந்துகொண்டிருந்த அதே ஆண்டில் பதவி போனது.

ஆனால் இறப்பர்ப் பக்கத்தில் ஒப்பந்தத்தின் பயன் தெளிவாகத் தெரிந்தது. உலகச் சந்தை விழுந்து கிடந்த காலத்தில் சிறு உடைமையாளரும் தாக்குப்பிடித்தார்கள். ஏற்றுமதி வரியாக அரசுக்கும் வருமானம் வந்தது. போர்க் காலத்தில் களைத்துப்போன மரங்களை மாற்றுவதற்கான மறுநடவு மானியத் திட்டமும் 1953 இல் தொடங்கியது.

1957: கூடுதல் விலை மறைந்தது

இந்தக் கதையில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி இதுதான். 1953 ஜூலையில் கொரியாவில் போர் நின்றது. தடை மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1956 இல் மலாயாவும் சீனாவுக்கு இறப்பர் விற்க அனுமதி பெற்றது. 1957 மே மாதம் பிரித்தானியா, சீனாவுக்கு மட்டும் விதித்திருந்த விசேட கட்டுப்பாடுகளைக் கைவிட்டது. சீனாவின் முன் இப்போது பல கடைகள் திறந்திருந்தன.

அதே 1957 இல் இலங்கையில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் ஆட்சி. முந்திய ஆட்சிகளைவிடச் சீனாவுடன் மிக நெருக்கமான ஆட்சி அது. சீனப் பிரதமர் சூ என்லாய் கொழும்புக்கு வந்தார். 1957 பெப்ரவரி 7 ஆம் திகதி இராஜதந்திர உறவு முறையாக ஏற்பட்டது. வர்த்தக அமைச்சராக மறுபடியும் ஆர். ஜி. சேனநாயக்கவே இருந்தார். 1956 தேர்தலில் இவர் இரண்டு தொகுதிகளில் போட்டியிட்டு இரண்டிலும் வென்றவர். அவற்றில் ஒன்றான களனியில் தோற்றவர் ஜே. ஆர். ஜயவர்த்தன.

நட்பு கூடியது. விலையும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. 1957 இல் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தத்தில் சந்தை விலைக்கு மேலான அந்தக் கூடுதல் விலை இல்லை. அதற்குப் பதிலாக, இறப்பர் மறுநடவுக்கென ஐந்தாண்டுகளில் 75 மில்லியன் ரூபாய் நன்கொடை தரச் சீனா உடன்பட்டது. நன்கொடை நல்லதுதான். ஆனால் விலையும் நன்கொடையும் ஒன்றல்ல. விலை என்பது விற்பவர் தன் பொருளுக்குப் பெறுவது, ஒப்பந்தப்படி உரிமையாகக் கேட்கலாம். நன்கொடை என்பது கொடுப்பவர் மனம்வைத்துக் கொடுப்பது. 1952 இல் இலங்கை பீக்கிங்கில் உட்கார்ந்தது வியாபாரியாக. 1957 இல் அது பாதி வியாபாரி, பாதி உதவி பெறுபவர்.

சீனா இலங்கையை ஏமாற்றியதா? இல்லை. 1952 இல் சீனாவுக்கு இறப்பர் விற்க ஆளில்லை, எனவே கூடக் கொடுத்தது. 1957 இல் ஆள் இருந்தது, எனவே கொடுக்கவில்லை. 1952 இல் அமெரிக்கா இலங்கையிடம் சொன்ன அதே சந்தை விலைக் கணக்கைத்தான் ஐந்து ஆண்டுகளில் சீனாவும் சொன்னது.

முப்பது ஆண்டுகள்

ஆனாலும் ஒப்பந்தம் முறியவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. இடையில் ஆட்சிகள் மாறின. சிறிமாவோ பண்டாரநாயக்க வந்தார். 1965 இல் டட்லி திரும்ப வந்தார், சீனாவுடனான உறவு குளிர்ந்தது. ஆனால் இறப்பர் போய்க்கொண்டே இருந்தது, அரிசி வந்துகொண்டே இருந்தது. விலை இலாபம் போன பின்னும் ஒப்பந்தம் தந்த ஒரு பயன் நிச்சயம்: அடுத்த ஆண்டும் வாங்க ஆள் உண்டு, அடுத்த ஆண்டும் சோறு உண்டு. சிறிய பொருளாதாரத்துக்கு இந்த நிச்சயமும் ஒரு செல்வம்தான். கொழும்பில் இன்றும் நிற்கும் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் சீனாவின் அன்பளிப்பாகக் கட்டப்பட்டு 1973 இல் திறக்கப்பட்டது.

1977 இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்கு மாறியது. சீனாவும் அடுத்த ஆண்டில் தன் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. உள்நாட்டு நெல் உற்பத்தி கூடியது. அரசுக்கு அரசு செய்யும் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் காலம் முடிந்தது.

தராசு சாய்ந்த பின்

அதன் பின் இரு நாடுகளும் போன பாதை எல்லோரும் அறிந்தது. சீனா உலகின் தொழிற்சாலை ஆனது. இலங்கை சீனாவிலிருந்து துணி, இயந்திரம், மின்பொருள், கட்டடப் பொருள் எல்லாம் வாங்கியது. சீனாவுக்கு விற்கவோ அதிகம் இல்லை. 2019 இல் சீனாவுக்கு இலங்கை செய்த ஏற்றுமதி, சீனாவிலிருந்து செய்த இறக்குமதியில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. வியாபாரத்தில் விழுந்த இந்தப் பள்ளத்தின் பக்கத்திலேயே கடனும் வளர்ந்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதற்கட்ட வேலை சீன எக்சிம் வங்கிக் கடனில் 2008 இல் தொடங்கியது. 2017 இல் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு சீன நிறுவனத்திடம் 1.12 பில்லியன் டொலருக்குப் போனது. அந்தப் பணத்தால் கடன் இரத்தாகவில்லை. அது கையிருப்பில் சேர்ந்தது, கடன் தொடர்ந்து கட்டவேண்டியதாகவே இருந்தது.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியபோது எல்லாப் பழியையும் சீனாவின் மேல் போட்டவர்கள் உண்டு. அது முழு உண்மை அல்ல. சர்வதேச முறிகள் மூலம் தனியாரிடம் வாங்கிய கடன் சீனக் கடனைவிடப் பெரியது. வரிக் குறைப்பு, கொரோனாவால் வீழ்ந்த சுற்றுலா, 2021 இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடை என்று உள்நாட்டுக் காரணங்களும் பல. ஆனால் 1952 உடன் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரியும். அன்று மேசையின் இரு பக்கத்திலும் தேவை இருந்தது. இன்று தேவையின் பெரும் பகுதி ஒரே பக்கத்தில் இருக்கிறது.

2014 இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக உடன்படிக்கைப் பேச்சுகளும் இதே இடத்தில்தான் சிக்கின. பத்து ஆண்டுகளில் ஒரு மீளாய்வு வேண்டும் என்று இலங்கை கேட்டது. நிலைமை மாறினால் பேரமும் மாறும் என்பதை 1957 இல் பட்டு அறிந்த நாடு அப்படிக் கேட்பது நியாயமானதே.

முடிவாக

இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தை இரு நாட்டு மேடைகளிலும் நட்பின் அடையாளம் என்று போற்றுவார்கள். நட்பு இருந்தது பொய்யல்ல. ஆனால் நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். நட்பு குறைவாக இருந்த 1952 இல் விலை உயர்ந்தது. நட்பு கூடிய 1957 இல் விலை இறங்கியது. விலையைத் தீர்மானித்தது நட்பு அல்ல. வேறு யாரிடமும் கிடைக்காத பொருள் ஒன்று கையில் இருந்ததும், அதை யாருக்கு விற்பது என்று தானே முடிவெடுக்கும் துணிவு ஒரு வலதுசாரி அரசாங்கத்துக்கு இருந்ததும்தான்.

அந்தப் பொருளின் அருமை ஐந்து ஆண்டுகள்தான் நீடித்தது. அந்த ஐந்து ஆண்டுகளைச் சிறிய நாடு எப்படிப் பயன்படுத்துகிறது என்பதில்தான் அதன் எதிர்காலம் இருக்கிறது. கிடைத்த பணத்தை மரம் நடவும், நெல் விளைவிக்கவும், இறப்பரை சீற்றாக விற்காமல் டயராகச் செய்யக் கற்கவும் போட்டால் அடுத்த பேரத்துக்குப் புதிய பொருள் ஒன்று கையில் இருக்கும். உண்டு முடித்தால், அடுத்த முறை மேசையில் வைக்க நிலமும் துறைமுகமும்தான் மிஞ்சும்.